இருக்கிற இடம் தெரியாத பிள்ளை

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு ரொட்டிக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. அடுப்பிலிருந்து பெல்ட்டில் சூடாக வருகிற ரொட்டிகளை எடுத்துத் தட்டுகளில் அடுக்க வேண்டும். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை உடம்பை விட்டுப் போகாது. புருஷன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். விடிகிற நேரத்தில் அவன் கிளம்புவான், அவள் வந்து சேருவாள். வாசலிலேயே சாவி கைமாறும், பிள்ளையும் கைமாறும். அதைக் குடும்பம் நடத்துவது என்பதா, ஷிஃப்ட் மாற்றுவது என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

இருப்பது ஒரே அறை. பகலில் அவள் தூங்குவாள், சாயங்காலம் அவன் வந்து தூங்குவான். ஆக, எந்நேரமும் யாராவது ஒருவர் அங்கே தூங்கியாக வேண்டும். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழந்துணி சுற்றி வைத்திருந்தார்கள். பிள்ளை தவழத் தொடங்கியதிலிருந்தே “மூச்!” என்ற ஒரு சொல்தான் அதற்குத் தாலாட்டும் பாடமும். அடித்ததில்லை, மிரட்டியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். செல்லமாகத்தான் சொன்னார்கள், செல்லமாகவே அதுவும் கற்றுக்கொண்டது. வீட்டில் அந்தப் பெண்பிள்ளைக்குச் செல்லப் பெயர் சுண்டெலி.

“உங்க வீட்ல குழந்தை இருக்கிறதே தெரியலையே! என்ன மாயம்டி பண்றே? எங்க வீட்டு வானரங்களையும் ரெண்டு நாள் வச்சுக்கோயேன்” என்பாள் மேல்மாடி அக்கா. ரொட்டிக்காரிக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். பெருமைதான், ஏன் இருக்கக் கூடாது? பெருமைப்பட அவளுக்கு வேறு என்ன இருந்தது?

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துச் சில மாதம் கழித்து டீச்சரைப் பார்க்க வரச் சொன்னார்கள், அதுதான் முதல் தடவை. தூக்கத்தை விட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல உடுப்பை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனாள். வெளியே பெஞ்சில் மற்ற பெற்றோர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மகன் கடிக்கிறானாம், இன்னொருத்தி மகள் சுவரெல்லாம் கிறுக்குகிறாளாம். நமக்கென்ன, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று இவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே எல்லாம் குட்டி நாற்காலிகள். உட்கார்ந்ததும் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. டீச்சருக்கும் அதே கதிதான். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

“பாப்பா வீட்ல பேசுவாளா?” என்றாள் டீச்சர்.

“ஐயோ, நல்லாப் பேசுவாளே!”

“சத்தமாப் பேசுவாளா?”

பிள்ளை பேசுவதெல்லாம் ரொட்டிக்காரியின் காதோரத்தில்தான். காதுக்குள் வாயை வைத்து, மூச்சாகப் பேசும்.

“இத்தனை மாசத்துல இங்க ஒரு வார்த்தை பேசினதில்லம்மா. காது கேக்கலையோன்னு பின்னாடி நின்னு கை தட்டிக்கூடப் பாத்தேன். திரும்பினா. போன வாரம் கதவிடுக்குல விரல் மாட்டிக்கிச்சு. மத்த பிள்ளைங்கன்னா கூரையே பறந்திருக்கும். இவ அப்படியே நிக்கிறா, கண்ணுல தண்ணி கொட்டுது, சத்தமே இல்ல. பக்கத்துல இருந்த பிள்ளை ஓடிவந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

அந்த விரலை ரொட்டிக்காரி பார்த்திருந்தாள். என்னடி வீங்கியிருக்கு என்றாள், ஒண்ணுமில்லம்மா என்றது பிள்ளை. இரண்டு தடவை ஊதிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள்.

“சாதுவான பிள்ளை டீச்சர் அவ” என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

“இப்படியே போனா, பேச்சு வராத பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாத்திடணும்னு பெரியவங்க சொல்றாங்க. அம்மாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்.”

வந்ததே கோபம் அவளுக்கு! “எம் பிள்ளை என்ன ஊமையா? கூப்பிடுங்க அவளை!” அறை மூலையில் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை தானாகவே எழுந்து வந்தது. “டீச்சர்கிட்ட உன் பேரைச் சொல்லு கண்ணு. சத்தமாச் சொல்லு.” பிள்ளை அம்மாவைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது. உதடு அசைந்தது. பேர் முழுவதையும் அது சொல்லி முடித்துவிட்டது, ஆனால் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

டீச்சர் பிள்ளையைத் தட்டிக்கொடுத்து மூலைக்கு அனுப்பினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். “தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளைங்க அம்மா அப்பா விளையாட்டு விளையாடும்ல? அம்மாவா வர்ற பிள்ளை சமைக்கும், தலை வாரிவிடும், திட்டும். இவ முறை வந்தா, கீழ படுத்து முகத்தை மூடிக்கிறா. மத்தவங்க எழுப்பினாலும் எழுந்திரிக்கிறதில்ல. அம்மான்னா அதுதான்னு நினைக்கிறா போல.”

பெற்ற பிள்ளை அழுகிற சத்தத்தைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று ரொட்டிக்காரி யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. சிரிக்கிற சத்தமும் அப்படித்தான். எதை நல்ல வளர்ப்பு என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டாளோ, அது இப்போது அவள் நெஞ்சிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

“நான் பாத்துக்கிறேன் டீச்சர். எங்கயும் மாத்திடாதீங்க” என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு பெரிய மைதானம். பையன்கள் பந்து உதைத்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பிள்ளையை நிறுத்தி, “கத்து” என்றாள்.

பிள்ளை பேந்தப் பேந்த விழித்தது. அவள் குனிந்ததும் காதுக்குள், “எதுக்கும்மா?” என்றது.

“சும்மாதாண்டி. இங்க பாரு, அம்மா எப்படிக் கத்துறேன்னு.”

கத்தினாள். ஓவென்று, தொண்டை கிழியக் கத்தினாள். பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பைத்தியமோ என்று நினைத்திருப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் சுண்டெலி ஒரே தாவாகத் தாவி அவள் கழுத்தைப் பிடித்து ஏறி, இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தியது.

அந்தக் கைகளை மெல்ல விலக்கினாள். “ஏண்டி? இங்க யாரு தூங்குறாங்க?”

பிள்ளை சுற்றிலும் பார்த்தது. யாரும் தூங்கவில்லைதான். அம்மாவின் சிவந்த கண்களைப் பார்த்தது. மறுபடியும் காதோரம் வந்தது.

“நீ இன்னும் தூங்கலையேம்மா. வா, வீட்டுக்குப் போலாம். நான் சத்தம் போட மாட்டேன்.”

இன்றைக்குத் தூங்க வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் ராத்திரி வேலை இருக்கிறதே, கண்ணசந்தால் பெல்ட் கையை இழுத்துவிடுமே. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்வாள் பாவி? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து படுத்தாள். பிள்ளை ஜன்னலைச் சாத்தி, போர்வையை அவள் கழுத்து வரை இழுத்துவிட்டு எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். ஏதாவது ஒன்று கீழே விழட்டும், உடையட்டும், அம்மா என்று ஒரு தடவை வாய்விட்டு அலறட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். பிள்ளை மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.