எதிர்ப்பக்கம் மடித்த இலை

நம்பாதவர்கள் மன்னார்குடிக்கு வந்து செம்மொழியையே கேட்டுக்கொள்ளலாம். போன ஆவணியில் நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

செம்மொழி சிற்பம் செய்கிறவள். தஞ்சாவூர்க் கண்காட்சிக்காக ஒரு கல்யாண மண்டபத்துப் பின்னறையில் பேய் செய்துகொண்டிருந்தாள். எச்சில் இலைகளில் மிஞ்சிய சோற்றைக் காயவைத்து, பசையில் குழைத்துச் செய்த பேய். அதற்குப் பிரேதம் என்று பெயர் வைத்திருந்தாள். பிரேதம் என்றால் நமக்குப் பிணம். பௌத்தர்களுக்கோ அது செத்தும் பசி தீராத ஒரு பிறவி. சோற்றை வீணடித்தவர்கள் அப்படிப் பிறப்பார்களாம். பானை வயிறு, ஊசித் தொண்டை.

பந்தி முடிந்ததும் அண்டா நிறையச் சோற்றை வழித்து வைப்பாள். மூன்று மணிக்கெல்லாம் அது காணாமல் போனது. ஒன்றல்ல, இரண்டு முகூர்த்தம். கண்காட்சிக்குப் பத்தே நாள். வேலை பாதியில் நிற்கிறது.

அறைக்கு இரண்டு கதவு. முன்கதவுச் சாவி இவளிடம். பின்கதவுச் சாவி, மண்டபம் பெருக்குகிற எல்லையம்மாளிடம். சந்தேகம் வேறு எங்கே போகும்? அந்த அம்மாள் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று செம்மொழி முடிவே கட்டிவிட்டாள்.

மூன்றாவது முகூர்த்தம். மணி 2.40. முன்கதவைப் பூட்டிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தாள்.

3.05. உள்ளே சத்தம்.

மடக்... மடக்...

யாரோ விழுங்குகிறார்கள்.

திறந்தாள். அண்டா காலி. பக்கத்தில் துடைத்துவிட்டாற்போல் ஓர் இலை, எதிர்ப்பக்கமாக மடித்துக் கிடந்தது. கல்யாணச் சாப்பாட்டில் யாரும் அப்படி மடிக்க மாட்டார்கள். சாவு வீட்டில்தான் மடிப்பார்கள்.

பேயின் வாய் ஈரமாக இருந்தது...

பின்கதவு திறந்தது. துடைப்பத்தோடு எல்லையம்மாள்.

"கையும் களவுமா மாட்டினீங்களா? எத்தன நாளா நடக்குது?"

"நான் திங்கலம்மா." குரல் கரகரத்தது. "சத்தியமா திங்கல."

செம்மொழி கேட்கவில்லை. மேனேஜரிடம் போனாள். அன்று சாயங்காலமே எல்லையம்மாளுக்கு வேலை போயிற்று.

அடுத்த முகூர்த்தம். சாவி இரண்டும் செம்மொழியின் இடுப்பில்.

3.05... அண்டா காலி.

மன்னிப்புக் கேட்க நீடாமங்கலத்தில் இருந்த எல்லையம்மாள் வீட்டுக்கு ஓடினாள். மருமகள் மீனா கதவைத் திறந்தாள்.

"அத்தை ஆஸ்பத்திரில இருக்காங்க. தொண்டையில புத்துங்க. தை மாசத்துலேர்ந்து ஒரு பருக்க சோறு உள்ள போகல. வயித்துல குழாய் போட்டு அது வழியாத்தான் கஞ்சி ஊத்துறோம். தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னு பொடவைக்குள்ள மறைச்சு வச்சிருந்தாங்க."