மூணு திவசம் குளிக கழிக்கண்டா

என் மகளை ஆஞ்சியோகிராமுக்குத் தயார் செய்தவன் நான். தனி ஆளாக, ஒரு பிழை இல்லாமல், ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்படியே செய்து முடித்தேன். இதில் 'என் மகள்' என்பது மட்டும்தான் உண்மை. மீதியை நானே இப்போது அடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் வந்து என்னை அடிப்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மலையாளக் கரையில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஓட்டலில் டீ மாஸ்டர். மாஸ்டர் பட்டம் ஆறடி உயரத்திலிருந்து டீயை ஆற்றியதற்குக் கிடைத்தது. நானே ஐந்தடிதான், ஆறடி எப்படி என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். தமிழைப் பிற்பாடு வடை மடிக்கிற பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாதி பேப்பர் எண்ணெயில் ஊறிப்போயிருக்குமா, அதனால் எந்தச் செய்திக்கும் முடிவு எனக்குத் தெரியாது. மலையாளத்தில் பஸ் போர்டு வாசிப்பேன். அவ்வளவுதான் என் படிப்பு.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. காய்ச்சலாக வந்து, மூட்டுவலியாக மாறி, கடைசியில் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட நோய் அவளுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சைத் திறந்து ஒரு வால்வை மாற்றி வைத்திருந்தார்கள். அது கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று சத்தம் போடும். மற்ற பிள்ளைகளாக இருந்தால் வெட்கப்படும். இவள், ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தால் ஒரு தடவை நெஞ்சில் காது வைத்துக் கேட்கலாம் என்று வகுப்பில் வியாபாரம் நடத்தினாள். அந்த வால்வில் ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்கத் தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை.

இப்போது மறுபடி அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. எங்கள் லைன் வீட்டுக்கு ஏறுகிற எட்டுப் படியில் மூன்று தடவை உட்காருவாள். இன்னொரு வால்வும் கெட்டுவிட்டதா என்று தெரிய உள்ளே குழாய் விட்டு, மருந்து ஊற்றிப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். ஓணம் சமயத்தில் கேட்டதற்கு மாசியில்தான் தேதி கிடைத்தது. இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று அங்கே யாரும் சொல்லத் தயாராக இல்லை. எட்டுப் படியும் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை.

என் பெண்டாட்டி அடுத்த பிரசவத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் அக்கா வந்தாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் முருங்கைக்கீரைக் கட்டு. கீரையை இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுத்தால் அந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரத்தத்தத் தண்ணியாக்கவால மாத்திர குடுக்க? நம்மூர்ல ரத்தம் ஊறதுக்குல்லா குடுப்பாவ?"

"யக்கா, ஓட்டல்ல ஆள் கூடிப்போச்சுன்னா சாம்பார்ல வெந்நிய ஊத்துவோம்லா, அந்த மாதிரி."

"அப்ப ஒங்க ஓட்டல் சாம்பாரயே புள்ளைக்குக் குடுத்துரு. மாத்திர எதுக்கு?"

கீரைக்கட்டைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றது. அக்கா இரண்டு நாள் அந்த ஆட்டோடும் பேசவில்லை.

தேதிக்கு நாலு நாள் முன்னால் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். நான், அக்கா, மகள் மூன்று பேரும் போனோம். என்னென்ன செய்யணும், செய்யக் கூடாது என்று நர்ஸ் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் நான் அங்கே இல்லை. கேன்டீனில் இருந்தேன். ஒரு டீ மாஸ்டர் இன்னொரு கடை டீயைக் குடித்துவிட்டுச் சும்மா வருவானா? பாலை எப்படிக் காய்ச்சணும் என்று அந்த ஆளுக்கு வகுப்பு எடுத்துவிட்டு நான் திரும்பியபோது நர்ஸ் போய்விட்டாள். அக்கா கையில் ஒரு சீட்டோடு முழித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா சொன்னாவ?"

"மூணு நாளைக்குப் புள்ள குளிக்கவும் கூடாதாம், கழிக்கவும் கூடாதாம். அதுலயும் அந்தப் பொண்ணு மூணு திவசம், மூணு திவசம்னு சொல்லுதா. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பேசுத பேச்சால இது?"

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். நர்ஸ் சொன்னது, "மூணு திவசம் குளிக கழிக்கண்டா." மலையாளத்தில் திவசம் என்றால் நாள். குளிக என்றால் மாத்திரை. கழிக்க என்றால் சாப்பிட. மூன்று நாள் மாத்திரை சாப்பிட வேண்டாம், அவ்வளவுதான். பதினோரு வருஷம் தம்பானூரில் குப்பை கொட்டிய எனக்கு இந்த மூன்று வார்த்தையும் தெரியும். ஆனால் என் காதுக்கு வந்தது நர்ஸின் பேச்சு இல்லையே, அக்காவின் தமிழ் அல்லவா?

சரி, சீட்டையாவது பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். பஸ் போர்டில் இருக்கிற ஊர்ப்பெயர் மட்டும்தான் எனக்கு வாசிக்க வரும். அதில் கிழக்கேகோட்டையும் இல்லை, தம்பானூரும் இல்லை. ஆனால் பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆமாக்கா. இதுலயும் அதத்தான் எழுதிருக்கு."

அதோடு விட்டேனா? "குளிச்சா ஒடம்பு குளுந்துரும். ரத்தம் ஒரு பக்கமா ஒதுங்கிரும். அப்புறம் படத்துல ஒண்ணும் தெரியாது" என்று காரணமும் சொன்னேன். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைக்கிறேன்.

"குளிக்காண்டாம் சரி. கழிக்காம எப்படில இருக்கும்?"

"முடிஞ்ச மட்டும் அடக்கணும்னு அர்த்தம்."

மகள் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். நர்ஸ் சொன்னபோதும் அங்கேயேதான் நின்றாள். என்னை அண்ணாந்து பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். பயந்திருக்கிறாள் என்று நினைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அடுத்த மூன்று நாளும் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். பிள்ளை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டு குளியல் போடுகிற ஊர் இது. லைன் வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விசாரித்தார்கள். நான் ரத்தம் ஒதுங்குகிற விஷயத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விளக்கினேன். கழிப்பது மட்டும் கட்டுப்படவில்லை. அவள் போய்விட்டு வந்த ஒவ்வொரு தடவையும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சாயங்கால மாத்திரையை மட்டும் தன் கையாலேயே வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, "முழுங்கிட்டியாட்டி? வாயத் தொற" என்று பார்த்த பிறகுதான் விட்டாள்.

பயம் தெளிய வைப்பது என் வேலை. "தொடையில சின்னதா ஒரு ஓட்டை. அதுதான் தம்பானூர் ஸ்டாண்டுன்னு வச்சுக்க. அங்கேருந்து குழாய் பொறப்படும். பொன்முடி பஸ் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மேல ஏறும். கல்லாறு வரும்லா, அங்க கொஞ்சம் நிக்கும். எல்லாரும் எறங்கி டீ குடிப்பாங்க. அப்புறம் மேல ஏறினா பொன்முடி, அதுதான் நெஞ்சு. அங்க ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிரும்."

"அப்பா பொன்முடி போயிருக்கீங்களா?"

"எத்தன தடவ!" ஒரு தடவைகூடப் போனதில்லை. கல்லாறில் ஒரு கல்யாணத்துக்கு டீ போடப் போனேன், அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"போன வண்டி திரும்ப வருமோ?"

போர்வையை அவள் கழுத்து வரை இழுத்துவிட்டேன். "லாஸ்ட் பஸ் உண்டு" என்றேன்.

நாலாம் நாள் காலையில் அட்மிஷன். அதே நர்ஸ். கிட்டே வந்தவள் மூக்கைச் சுளித்து, "என்தா இந்தக் குட்டிக்கொரு மணம்?" என்றாள்.

அக்கா பூரித்துப்போனாள். "எம்புள்ள மணக்காம்ல!"

நர்ஸ் சீட்டைப் பார்த்துக் கேட்டாள். "குளிக நிறுத்தியில்லே, அம்மே?"

"அன்னைக்கே நிறுத்தியாச்சு தாயி. ஒரு சொட்டுத் தண்ணி மேல படல."

"தண்ணியோ?" நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மேஜையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் காட்டினாள். "குளிக. மருந்து. நிறுத்தியோ?"

"மருந்தா? அத எப்படி நிறுத்துவேன்? நேத்து சாயங்காலம்கூட எங்கையால குடுத்தேனே!"

நர்ஸ் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். எனக்கு அந்த நிமிஷம்தான் மூன்று வார்த்தையும் ஒவ்வொன்றாக மண்டையில் இறங்கியது. டாக்டர் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ரத்தம் நீர்த்திருக்கிறபோது குழாய் விட்டால் நிற்காது, செய்யவே முடியாது என்றார். எதற்கும் ரத்தத்தைப் பார்க்கிறோம், சரியில்லை என்றால் தேதி மாறும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசியில் ரத்தம் எடுத்துக்கொண்டு எங்களை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"வெளக்கம் சொன்னியேல வெளக்கம்" என்று அக்கா அழுதாள். "ரத்தம் ஒதுங்கிருமாம்! ஒதுங்க வேண்டியது நீதாம்ல. சீட்ட வாசிக்கத் தெரியலன்னு சொன்னா ஒன் தலை எறங்கிருமா?"

நான் எட்டுப் படியை நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த தேதி வருவதற்குள் இவள் எத்தனை தடவை உட்கார வேண்டியிருக்கும்?

மகள் எங்கள் நடுவில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். என் சட்டையை இழுத்துக் கேட்டாள். "ஒண்ணு சொன்னா அத்தை குளிக்கச் சொல்ல மாட்டாங்களே?"

"என்னட்டி?"

"முதல்ல சத்தியம் பண்ணுங்க."

அக்கா பண்ணினாள். மகள் பின்னலை முன்னால் இழுத்து ரிப்பனை அவிழ்த்தாள். மடிப்புக்குள்ளிருந்து ஒரு மாத்திரை உருண்டு விழுந்தது. இன்னொன்று ஒட்டிக்கொண்டு இருந்தது.

"சிஸ்டர் சொன்னது எனக்கு அப்பவே தெரியும். குளிகதான் வேண்டாம்னாங்க. நான் நாக்குக்கு அடியில வச்சுட்டு, அத்தை அந்தப் பக்கம் திரும்பினதும் எடுத்துட்டேன்."

"ஏட்டி, அத அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சொன்னா குளிக்கச் சொல்லுவீங்களே! சீயக்காய் கண்ணெல்லாம் எரியுது."

நான் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றப் போனேன். அக்காதான் கையைப் பிடித்தாள். "இருல. ரெண்டுதான இருக்கு? மூணாவது எங்க?"

மகள் முகம் சுருங்கியது. முதல் நாள் அத்தை பழத்துக்குள் வைத்து ஊட்டிவிட்டதால் அது உள்ளே போய்விட்டதாம். மறுபடி மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு மாத்திரை எவ்வளவு கெடுதல் செய்யும் என்று யாரிடம் கேட்பது? வழக்கமாக இந்த மாதிரிச் சந்தேகத்துக்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கும். அக்கா என் வாயையே பார்த்தாள். "எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். பிறந்ததிலிருந்து நான் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள், அவ்வளவு பலமாக இல்லை.

மதியத்துக்கு மேல் நர்ஸ் சீட்டோடு வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி வார்த்தை மாறிவிடக் கூடாது என்று கையையும் சேர்த்து ஆட்டிச் சொன்னாள். "ரத்தம் சரி. நாளைக்குச் செய்யலாம். இனி ஒண்ணே ஒண்ணு." மகளைச் சுட்டிக்காட்டி, தலையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிக் காட்டினாள். "குளிக்கணம்!"

சத்தியம் அங்கேயே செத்தது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். குளியலறையிலிருந்து வந்த அலறலுக்கு வார்டில் இருந்த நோயாளிகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலையில் அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். சோப்பு வாசனையும் பச்சை உடுப்புமாக இருந்தாள். கதவு வரைக்கும் நான் கூடவே நடந்தேன். அங்கே நிறுத்திவிட்டார்கள்.

"அப்பா, கல்லாறுல எத்தன மினிட் நிக்கும்?"

"ஒரு டீ குடிக்கற நேரம்தான்" என்றேன். கதவு மூடிக்கொண்டது. அன்றைக்குத்தான் நான் அந்த கேன்டீன் டீயைக் குறை சொல்லாமல் குடித்தேன். எத்தனை கிளாஸ் என்று நினைவில்லை. பிறகு உள்ளே ஏதோ சத்தம். கதவு பாதி திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, என்னைப் பார்த்து, ஒரு விரலை—

"அப்பா! வெந்நீர் ஆறிப்போகுது. எழுதினது மதி, போதும், குளிக்க வாங்க!"

"இதோ, ஒரு வரிதான் பாக்கி."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க, முந்தாநாளும். நான் அங்க வரணுமா?"

போய்விடுகிறேன். அன்றைக்குக் குளியலுக்கு அலறிய அதே மகள்தான், வந்தால் தலையில் ஊற்றியே விடுவாள். சீயக்காய்த் தூள் வேறு கரைத்து வைத்திருக்கிறாள், அத்தையிடம் பழகின கை.