அம்மாவுக்குப் போட்டு வைத்த இடம்

கார் டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் கவர் மறந்துபோய்க் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஜனங்களை மாமல்லபுரம் கூட்டிப்போயிருந்தேன். கடலில் நனைந்த துணியை யாரோ சுருட்டி அதில் போட்டு டிக்கியில் வைத்துவிட்டார்கள். அந்த யாரோ நான்தான் என்று என் மனைவி சொல்கிறாள். புதன்கிழமை திறந்தால், அப்பப்பா! உப்பும் மணலும் ஈரமும் சேர்ந்து புழுங்கிய வாடை. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாஷிங் மெஷினில் கொட்டியிருப்பார்கள். நான் அந்தக் கவரைக் கையில் பிடித்தபடி கூடுவாஞ்சேரியில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். வாட்ச்மேன் ஓடி வந்து, “இன்னா சார், உள்ள பாம்பு கீதா?” என்று கேட்டார்.

பாம்பெல்லாம் இல்லை. அது எங்கள் மல்லிகா அக்காவின் வெள்ளைப் புடவை வாடை. அந்தப் புடவை, அடியில் மணல் படிந்த ஒரு ஒயர் கூடை, மடியில் கூடையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் அம்மா, எல்லாம் வரிசையாக வந்து நின்றுவிட்டன. வாட்ச்மேனிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் வேர்க்கடலை. அக்கா எனக்கு நேர் மூத்தவள். சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. பத்துப் போட்டோம், மந்திரித்தோம், காய்ச்சலும் போயே போச்சு என்று சந்தோஷப்பட்டோம். அது போகும்போது இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்பது அவள் வயசுக்கு வந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனிமேல் ஆபரேஷனுக்கும் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நான் அப்போது செங்கல்பட்டில் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்ட்டரில் நின்றுகொண்டிருந்தேன். நாளெல்லாம் கேபிள், வாஷர், வால்வு. அக்காவுக்குக் குசும்பு ஜாஸ்தி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்: “டேய், உங்க கடையில வால்வு கீதுன்னுவியே. எனக்கு ஒண்ணு போட்டு உடேன்டா.” நான் சிரித்தேன். மறுநாள் கடையில் ஸ்டாக் எடுக்கிற மாதிரி குனிந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

மூச்சு என்றதும் பஸ் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்துச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். பஸ் உள்ளே திரும்பும்போதே ஜனம் கூடவே ஓடும். ஜன்னல் வழியாகத் துண்டு, பை, செருப்பு, சிலசமயம் பெற்ற பிள்ளையையே தூக்கிப் போட்டு இடம் பிடிப்பார்கள். அக்காவால் ஓட முடியாது. ஆனால் பஸ் எங்கே திரும்பி எங்கே நிற்கும் என்று பார்த்துவைத்து, முன்கூட்டியே அங்கே போய் நின்று, ஒரு கைக்குட்டையை எறிவாள் பாருங்கள், குறி தப்பவே தப்பாது. சும்மா சொல்லக்கூடாது, ஆம்பளைகள் தோற்றுப்போவார்கள். தான் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இடத்தில் கைக்குட்டையை விரித்துவிடுவாள். அது அம்மாவுக்கு. அம்மா எங்கே? அம்மா எப்போதும் தாமதம். பூக்காரியிடம் இன்னும் ஒரு கண்ணி வைக்கச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள்.

நிற்கிறவர்கள் சும்மா விடுவார்களா? “இன்னாம்மா, கர்சீப்பு டிக்கெட் வாங்கிச்சா?”

“எங்கம்மா வந்துகினு கீது. நீ பின்னால போ அண்ணாத்த.”

கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார், பஸ் நகரவும் ஆரம்பித்துவிடும். அக்கா அசையமாட்டாள். அம்மா கடைசி நிமிஷத்தில் ஏறி, பூவும் வியர்வையுமாக வந்து அந்தக் கைக்குட்டையின் மேலேயே உட்காருவாள்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும், “சரியாப் பூடும்” என்றார்கள். ஊர்க்காரர்கள் சொன்னார்கள், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்தபடி நானும் சொன்னேன். வார்டுக்கு ஜெபம் பண்ண வந்த ஒரு பாஸ்டரம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, “சாவு முடிவு இல்லம்மா. அதுக்கு அப்பால ஒரு ஜீவன் இருக்கு, அது முடியவே முடியாது” என்றாராம். “எல்லாரும் எனக்குப் பொய் சொன்னாங்கடா. அந்தம்மா ஒண்ணுதான் சாவுன்ற வார்த்தையையே எடுத்துச்சி” என்றாள் அக்கா. அந்த வார்த்தையை எடுத்துச் சொன்னதாலேயே அதற்கு அப்புறம் சொன்னதையும் நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொளவாய் ஏரிப் பக்கம், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்தம்மாவின் ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கோரைப்பாய், ஒரு டிரம் செட். பொட்டை எடுத்தாள், பூவை விட்டாள், கம்மலைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். “மூளியா நிக்காதடி, வயிறு எரியுது” என்று அம்மா அழுதாள். அப்பாதான், “வுடு, பொண்ணு சிரிக்குது. எந்தச் சாமியா இருந்தா இன்னா?” என்று முடித்துவைத்தார். உண்மைதான். அக்கா அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

அம்மாவும் ஒருவழியாகச் சமாதானம் ஆனாள். எப்படி ஆனாள் என்பதுதான் வேடிக்கை. அக்கா கொண்டுவந்த இயேசு காலண்டரை எடுத்துப் போய் சாமி மாடத்தில் முருகனுக்கும் எங்கள் ஊர்க் கன்னியம்மனுக்கும் நடுவில் மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வைக்கிற மாதிரி அவர் நெற்றியிலும் குங்குமம் வைத்து, கற்பூரத்தைச் சுற்றினாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்: “யம்மா, அவருக்குப் பொட்டு வெக்காதம்மா.”

“ஏன், எல்லாருக்கும் வெச்சிட்டு அவரை மட்டும் உட்டா கோச்சிக்கமாட்டாரா?” என்றாள் அம்மா. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீங்கிய முகத்தோடு வந்தாள். சோறு வேண்டாம் என்றாள். என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அன்றைக்குப் பிரசங்கத்தில் அவள் இதுவரை யோசிக்காத ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். விசுவாசித்து, தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம், அவர்கள் பேச்சில் முழுக்கு, எடுத்தவர்களுக்குத்தான் அந்த ஜீவன். மற்றவர்கள் வரமுடியாது.

“அப்போ அம்மா?” என்றாள். “அம்மா வராதாடா? அது இல்லாம அங்க போய் நான் இன்னா பண்ணுவேன்? முடியவே முடியாதாமே. அத்தினி நாளும் தனியாவா?”

எனக்கு என்ன தெரியும்? நான் எந்தக் கோவிலுக்கும் ஒழுங்காகப் போனவன் இல்லை, ஜெபவீட்டுக்கும் போனவன் இல்லை. ஆனால் அக்கா முகத்தைப் பார்த்தபோது, சாவைக்கூட ஒப்புக்கொண்டவளுக்கு இது தாங்கவில்லை என்று மட்டும் தெரிந்தது. அன்றையிலிருந்து அவளுக்கு ஒரே வேலை. மூச்சு இருக்கிறபோதெல்லாம் அம்மாவிடம் கெஞ்சுவாள். அம்மா மறுக்கவே இல்லை. “வரேன்டி, வரேன்டி. நீ கூப்ட்டு நான் எங்க வராம இருந்தேன்?” என்பாள். சொல்லிவிட்டு ஆடி மாதம் கன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றப் போய்விடுவாள்.

அக்காவின் முழுக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மீனவர் குப்பத்தைத் தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத கரையில். காலை வெயில். ஜெபவீட்டு ஆட்கள் வெள்ளை உடுத்தி வந்திருந்தார்கள். அக்காவுக்குத் தண்ணீர் ஆகாது, அலை ஆகாது என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். யார் கேட்டார்கள்? ஜெபவீட்டுப் பாஸ்டர் நல்ல மனுஷர். இரண்டு மீனவப் பையன்களை இருபுறமும் நிறுத்தி, பூ மாதிரி அவளை அமிழ்த்தி எடுத்தார். எழுந்தவள் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை, கரையைப் பார்த்துக் கை நீட்டினாள். “யம்மா, வாம்மா!”

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பாஸ்டர் தயங்கினார். “நீங்க விசுவாசிக்கிறீங்களாம்மா?” என்றார்.

“எம்பொண்ணு சொன்னா சரிதான் சாமி.”

அது பதில் ஆகாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம், என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு தானே முங்கிவிட்டாள். மாசி மகத்துக்கு முங்குகிற பழக்கம். ஒரு முழுக்கு. இரண்டாவதில் ஒரு அலை வந்து அவளைப் புரட்டிப் போட்டது. பையன்கள் தூக்கி நிறுத்தினார்கள். இருமினாள், துப்பினாள், கிழக்கே பார்த்து மூன்றாவதும் முங்கி எழுந்தாள். அக்கா சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். “அவ்ளோதான்! நீ வந்துட்டம்மா!” பாஸ்டர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கரையேறினார்.

திரும்பும்போது மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் அக்கா ஈரக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடித்தாள். அம்மா வந்து, அக்காவின் ஈர வெள்ளைப் புடவையைச் சுருட்டிப் போட்ட ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், அக்காவின் தலையைத் துவட்டிவிட்டாள். துவட்டிய கை, பழக்கதோஷம், கூடையிலிருந்த குங்குமத்தை எடுத்து அக்கா நெற்றியில் வைத்துவிட்டது. அக்கா அன்றைக்கு அதை அழிக்கவில்லை.

அடுத்த சித்திரை வெயிலுக்குள் முடிந்துவிட்டது. கால் வீங்கி, படுக்கவும் முடியாமல் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். ஆனால் பயம் இல்லை, சத்தியமாக இல்லை. கடைசியாக அம்மாவிடம் பேசியது இதுதான்: “நான் முன்னால போறேம்மா. எடம் போட்டு வெக்கறேன். நீ மெதுவா வா, பூவு வாங்கிகினே வா.” அம்மா, “ஆவட்டும்டி” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் பாட்டுப் பாடி அடக்கம் செய்தார்கள். எல்லோரும் சந்தோஷமான பாட்டாகவே பாடியதில் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

வருஷங்கள் போயின. அப்பா போனார். பாஸ்டர் வேறெங்கோ மாற்றலாகிப் போனார். எனக்குக் கல்யாணம் ஆனது, கூடுவாஞ்சேரிக்கு வந்தோம், அம்மாவும் எங்களோடு வந்தாள். ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

“டேய், அன்னிக்கு நான் முங்கினேனே, அது செல்லும்ல?”

“செல்லும்மா. பாஸ்டர் பாத்துக்கினுதானே இருந்தாரு?”

கீரையைக் கீழே வைத்தாள். “மொத முழுக்குல உங்கக்கா சொல்லிக் குடுத்த ஏசு பேரைத்தான்டா சொன்னேன். ரெண்டாவதுல அலை வந்து அடிச்சிதே, மூச்சு முட்டிப்போச்சி. தாயே கன்னிம்மான்னு கத்திட்டேன். தண்ணிக்குள்ள. அவளுக்குக் கேக்கல. மேல கீறாரே, அவருக்குக் கேட்டிருக்கும்ல?”

இத்தனை வருஷமாக இதை உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், பாவி. அக்கா போகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. “மனசுல இருக்கறது அவருக்குத் தெரியும்மா” என்று என்னமோ சொன்னேன்.

“அதான்டா பயமா கீது.”

“அப்போ திரும்பப் போய் எடுத்துக்கலாம்மா. நானே கூட்டிகினு போறேன்.”

சிரித்தாள். “எத்தினி தபா முங்கினா இன்னாடா? மூச்சு முட்டினா வாயில அந்தப் பேருதான் வரும். பொறந்ததுலருந்து கூப்ட்டுகினு கீறேன்.” மறுபடி கீரையை எடுத்து உருவ ஆரம்பித்தாள். கடையில், “அந்தப் பார்ட் ஸ்டாக் இல்ல சார்” என்று நாளெல்லாம் கூசாமல் சொன்ன வாய் என்னுடையது. அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்துக் கீரையை உருவினேன்.

அம்மா போனபோது ஊர் வழக்கப்படி எரித்தோம். சாம்பலை அதே மாமல்லபுரம் கடலில்தான் கரைத்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். மடங்கி மடங்கி அலை வந்தது, கலயம் காலியானது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தைத் தேடினேன். கரையே இல்லை. கடல் தின்றுவிட்டது, மிச்சத்தில் பாறாங்கல்லைக் கொட்டிவைத்திருக்கிறார்கள். ஏரிப் பக்கத்து ஜெபவீடும் இல்லை. இந்தக் காலத்து ஏசி பஸ்ஸில் ஜன்னலைத் திறக்கவே முடியாது, கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறது என்றால் என் பெண்ணுக்குக் கதை மாதிரி இருக்கிறது. அக்காவையும் அம்மாவையும் ஒன்றாகப் பார்த்தவன் என்று எங்கள் வீட்டில் இனி நான் ஒருவன்தான். எனக்கோ மேலேயும் நம்பிக்கை இல்லை, கீழேயும் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாதவன் நிம்மதியாக இருக்கவேண்டும் அல்லவா? இருக்க முடியவில்லை. அக்கா சொன்னது அத்தனையும் பொய்யாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன், யாரிடம் வேண்டுகிறேன் என்று தெரியாமலேயே. ஏனென்றால் அது நிஜமாக இருந்தால், முடிவே இல்லாத அந்த இடத்தில் அவள் பக்கத்து இடத்தில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருப்பாள். கேட்கிறவர்களிடமெல்லாம், “எங்கம்மா வந்துகினு கீது” என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.