பேராயருக்கு எழுதிப் பழகிய கை

மரக்காணம் உப்பளத்துக் கணக்குப்பிள்ளை செல்வநாதனை விட்டால் மாதா கோயில் பங்கில் வாழ்த்து மடல் எழுத வேறு ஆள் கிடையாது. பேராயர் வந்தாலும் சரி, பங்குச் சாமியார் மாற்றலாகிப் போனாலும் சரி, எதுகை மோனையோடு எழுதி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், 1974 சித்திரையில், சொந்த மகளுக்கு நாலு வரி எழுத முடியாமல் முழி பிதுங்கி உட்கார்ந்திருந்தார்.

மகள் அன்னமேரி சென்னையில் நர்ஸ். கூட வேலை பார்த்த இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவளே நேரில் வந்து கூப்பிட்டும் இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை, அம்மா போட்ட கடிதங்களுக்கும் பதிலில்லை. அடுத்த வாரம் அவளுக்குப் பிறந்தநாள். மனைவி சவரியம்மாள் பாண்டிச்சேரி போய் ரோஜாப்பூ போட்ட அட்டை ஒன்று வாங்கிவந்து முன்னால் வைத்துவிட்டாள். இதற்கும் பதில் வராவிட்டால் இனி எதற்கும் வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பேனாவைத் திறந்ததும் கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது: 'பேரன்பும் பெருந்தகைமையும் ஒருங்கே வாய்த்த'. பேராயருக்கு எழுதுகிற வரி. இருப்பதோ ஒரே அட்டை. மையில் எழுதித் தொலைத்தாயிற்று. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய காகிதத்தில் எழுதிப் பார்த்தார். 'இல்லறமாம் நல்லறம் பேணி' என்று வந்தது. கல்யாணத்துக்குப் போகாதவன் எழுதுகிற லட்சணத்தைப் பார். கிழித்துப் போட்டார்.

எரிச்சலை மனைவி மேல் காட்டினார். சும்மா நிற்காமல் மகள் பிறந்த அன்றைக்கு நடந்ததையாவது சொல்லேன் என்றார்.

"எனக்குத்தான தெரியும்? மழைன்னு நீங்க அளத்துக்கு ஓடிட்டீங்க" என்றாள் சவரியம்மாள்.

உண்மைதான். கோடை மழை அப்படிக் கொட்டியது. குவித்து வைத்த உப்பு கரைந்துவிடுமே என்று ஆட்களோடு ஓலை போட்டு மூடப் போனவர், இருட்டிய பிறகுதான் பிள்ளை முகத்தைப் பார்த்தார். உப்பு முதலாளியுடையது. பிள்ளை அவருடையது. அன்றைக்கு அது உறைக்கவில்லை, இப்போது உறைத்தது.

பேராயர் வரியை அழுத்தி அடித்துவிட்டு, கீழே எழுதினார்: 'அன்னமேரி, நீ பிறந்தபோது அப்பா வீட்டில் இல்லை. உன் கல்யாணத்துக்கும் வரவில்லை. இரண்டும் தப்பு. இந்தப் பிறந்தநாளுக்கு வரலாமா?'

சவரியம்மாளுக்கு வாசித்துக் காட்டினார். இந்தத் தடவை தொண்டையைச் செருமவில்லை.

"வரலாமான்னு அவளக் கேப்பீங்களா? வர்றோம்னு எழுதுங்க."

அட்டையில் இன்னொரு அடித்தலா என்று முகம் கடுகடுத்தார். ஆனாலும் அடித்தார். பக்கத்தில் எழுதினார்: 'வர்றோம். மழை பெய்தாலும் வர்றோம்.'