முட்டியைக் கழற்றுங்கோ, ரீச்சர்

குருவி விற்கிற வேலையில் குருவிகளால் எனக்கு ஒரு நாளும் தலையிடி வந்ததில்லை. தீனி போட்டால் தின்னும், தண்ணீர் வைத்தால் குடிக்கும், பொழுதுபட்டால் உறங்கிவிடும். தலையிடியெல்லாம் கூட்டுக்கு வெளியே நிற்கிற மனிதர்களால்தான். கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று, சொன்னதையே சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் யாராவது இதை வாசித்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் கடை. வேலைக்கு நின்றது நானும் நௌபர் நானாவும். நானா மாளிகாவத்தைக்காரர், இருபது வருஷமாகக் குருவிகளோடு கிடந்தவர். நான் யாழ்ப்பாணத்தில் கோழிப்பண்ணை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, சண்டையோடு இடம்பெயர்ந்து வந்தவன். வடக்கிலிருந்து வந்த சனம் லொட்ஜிலும் அனெக்ஸிலும் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த காலம் அது. காத்திருக்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. அதனால் எங்கள் கடையில் லவ் பேர்ட்ஸ் நன்றாக விலைப்பட்டது.

சோடி

பரமேஸ்வரி ரீச்சர் ஒரு கையில் குடையும் மறு கையில் மருந்துப் பையுமாகக் கடைக்குள் வந்தார். கோண்டாவிலில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. கனடாவில் இருக்கிற மகன் ஸ்பொன்சர் செய்திருந்தான். எம்பசிக் கடிதம் வரும் வரைக்கும் அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் தனியாக இருந்தார். கடிதம் வரும்வரை பேச்சுத்துணைக்கு ஒரு சோடி வேண்டும் என்றார்.

இன்றைக்கோ நாளைக்கோ பறக்கப் போகிற ஆளுக்குக் குஞ்சு குட்டி எதற்கு? இரண்டு ஆணாக வாங்குங்கோ என்று சொன்னேன். சொண்டுக்கு மேலே, மூக்கடியில் இருக்கிற தோல் நீலமாக இருந்தால் ஆண், மண்ணிறமாக இருந்தால் பெண், பிழை விட வழியே இல்லை. இரண்டு ஆணும் நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருக்கும், முட்டை இல்லை, குஞ்சு இல்லை, கரைச்சல் இல்லை. பத்து நிமிஷம் விளக்கியிருப்பேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை சாட்டுச் சொல்வதைக் கேட்கிற மாதிரி ரீச்சர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

“ரெண்டு ஆம்பிளையள் மட்டும் இருந்தால் அது லொட்ஜ் தம்பி. எனக்கு ஒரு குடும்பமாத் தாரும்.”

சாப்பாடு

இரண்டு கிழமையில் திரும்பி வந்தார். குருவிகளுக்கு வயிறு சரியில்லையாம். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். காலையில் இடியப்பம், பத்து மணிக்குப் பட்டர் பூசின பாண், பின்னேரம் தான் தேத்தண்ணீர் குடிக்கும்போது கொஞ்சம் மிக்சர். வெள்ளிக்கிழமையில் சர்க்கரைப் பொங்கல். இதையெல்லாம் அவர் பெருமையோடு சொன்னார். அந்தக் குருவிகள் இரண்டும் உயிரோடு இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

தினை, சாமை, கழுவின வல்லாரை, பொன்னாங்காணி, இவ்வளவுதான் சாப்பாடு என்றேன். உப்பு, எண்ணெய், தேத்தண்ணீர் கூடாது. ஆனைக்கொய்யாப் பழம் நஞ்சு. ரீச்சர் ஒரு கொப்பியை எடுத்து இலக்கம் போட்டு எழுதினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வெள்ளையான ஒரு ஓட்டுத் துண்டை எடுத்து, இதைக் கூட்டில் கட்டிவிடுங்கோ, பெட்டைக்குருவி கொறிக்கும், முட்டைக் கோது உறுதியாக வர இந்தச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று நீட்டினேன். இது என்ன என்று கேட்டார். நானாவாக இருந்தால் கடல் நுரை என்று சொல்லிப் பையில் போட்டிருப்பார். நான் உண்மை பேசுகிற முட்டாள். கணவாய் ஓடு என்றேன். நீட்டின கையை ரீச்சர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“எங்கட வீட்டில மச்சம் புழங்கிறேல்லை தம்பி. குருவியளும் சைவம்தான்.”

முட்டி

வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவுக்குப் போய் நான் வரிசையில் நின்ற ஒரு நாளில், நானா ரீச்சருக்கு ஒரு முட்டியை விற்றுவிட்டார். பக்கத்தில் ஓட்டை போட்ட சின்ன மண்முட்டி. அதைக் கூட்டுக்குள் கட்டிவிட்டால் பெட்டைக்குருவி உள்ளே போய் முட்டையிடும். நான் வந்து கேட்டபோது, கேட்ட சாமானைக் கொடுக்கத்தானே கடை என்றார் நானா. இரண்டு ஏழாகியது. ஏழு பன்னிரண்டாகியது. பிறகு குஞ்சாக இருந்தவையும் சோடி சேர்ந்தன, அவற்றுக்கும் முட்டி வாங்கினார். ஒன்பது மாதத்தில் அந்த ஒற்றை அறையில் மூன்று கூடும் இருபத்தைந்து குருவியும்.

முட்டியைக் கழற்றுங்கோ ரீச்சர் என்று கடையில் சொன்னேன், பஸ் தரிப்பில் சொன்னேன், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் சொன்னேன். புகுந்து இருக்க இருட்டுப் பொந்து இல்லையென்றால் பெட்டைக்கு முட்டை நினைப்பே வராது. இது கொடுமை இல்லை. காட்டில் இருக்கிற குருவி வருஷம் முழுக்கக் கூட்டிலா இருக்கிறது? மரக்கொப்பில்தானே இருக்கிறது. அவர் தலையை ஆட்டுவார், போய்விடுவார். ஒரு நாள் விடாமல் மறித்துக் கேட்டேன். கோண்டாவிலில் இருந்து சனமெல்லாம் ஒரே இரவில் வெளிக்கிட்ட அன்று அதே தெருவால் நானும்தான் நடந்தேன், அதனால் அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கினதால் கோபம் இன்னும் கூடியது.

“வீட்டை விட்டு வெளிக்கிடுங்கோ எண்டு எங்களுக்கு ஸ்பீக்கர் கட்டிச் சொன்னவங்கள். அதை நான் என்ர வாயால ஒரு சீவனுக்கும் சொல்ல மாட்டன்.”

ஒரு மாதத் தவணை

ரீச்சருக்கு அனெக்ஸைக் கொடுத்துவிட்டு மேல்மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா ஒரு நாள் நேரே கடைக்கு வந்தார். வெள்ளவத்தையில் முப்பது வருஷமாக இருக்கிறவர். விடியற்காலையில் குருவிகள் போடுகிற சத்தத்தில் சுவாமி கும்பிட முடியவில்லை, தினைக் கோது தண்ணீர்க் கானை அடைக்கிறது, அறையெல்லாம் கெட்ட மணம். மாத முடிவுக்குள் குருவிகள் இரண்டாகக் குறைய வேண்டும், இல்லாவிட்டால் ரீச்சர் வெளிக்கிட வேண்டும். விற்றவன் நான் என்பதால் எனக்கும் சேர்த்து அறிவித்தல்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. வடக்கு ஆட்களுக்கு வீடு கொடுக்க வெள்ளவத்தையிலேயே பத்துத் தரம் யோசிக்கிற காலம். புது இடம் என்றால் புதுப் பொலிஸ் பதிவு. அதை விட, எம்பசிக் கடிதம் இந்த விலாசத்துக்குத்தான் வரும். ரீச்சர் வெளிக்கிட்ட பிறகு அது வந்தால் யார் கையில் போய்ச் சேருமோ தெரியாது. மகனைக் கண்டு ஏழு வருஷமான மனுசி. கொஞ்சம் பொறுங்கோ அம்மா என்று கெஞ்சினேன்.

“ஒரு ஆள் எண்டுதான் தம்பி நான் பொலிஸில பதிஞ்சு குடுத்தனான். இப்ப இருபத்தாறு பேர் இருக்கினம்.”

அவித்த முட்டை

முட்டியைக் கழற்ற மாட்டார் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. முட்டையை எடுத்து எறிந்தால் பெட்டை மறுபடி இட்டு நிரப்பும். எடுத்து, அவித்து, ஆறவிட்டு, திரும்ப வைத்துவிட வேண்டும். அது மூன்று கிழமை அடைகாத்துப் பார்த்து அலுத்துப் போய் எழும்பிவிடும். கோழிப்பண்ணை மூளை என்னுடையது, நான் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். ரீச்சரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவருடைய அடுப்பில் இன்று வரைக்கும் ஒரு முட்டை அவிந்ததில்லையாம். மேல்மாடி அம்மாவுக்குத் தெரிந்தால் மாத முடிவு வரைக்கும் பொறுக்கவே மாட்டாவாம்.

நான் இருந்த அறையில் சமைக்க விடமாட்டார்கள். மிஞ்சியது நானாவின் வீடு. கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார், பிறகு கேட்ட கேள்வியோடு அந்த வழியும் அடைபட்டது.

“அவிச்சித் தாரது பெரிய வேலயில்ல தம்பி. ஆனா பஸ்ல மடியில குருவி முட்டய வெச்சிக்கிட்டு மாளிகாவத்தைக்குப் போறவன் செக்பொயின்ட்ல எனத்தச் செல்லிய?”

பெட்டி

மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. கடைக் கதவைத் திறக்க முன்னமே ரீச்சர் வாசலில் நின்றார். கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி, அதற்குள் துவாயில் சுற்றின பெட்டைக்குருவி, முதலில் வாங்கின சோடியின் பெட்டை. உடம்பெல்லாம் சிலிர்த்து, கண்ணை மூடி, முக்கிக்கொண்டிருந்தது. முட்டை உள்ளே அடைபட்டுவிட்டது. நானா சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தார். நான் முட்டை வருகிற வழியில் இரண்டு துளி எண்ணெய் விட்டேன். ஒரு மணித்தியாலம் மூன்று பேரும் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். கடைசியில் முட்டை வந்தது. கோதே இல்லை, வெறும் தோல், விரலால் தொட்டால் அமுங்கியது.

அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டி நான் கத்திவிட்டேன். ஒன்பது மாதமாக ஓயாமல் முட்டையிட்டு இதன் உடம்பில் சுண்ணாம்பு மிச்சம் இல்லை, நீங்கள் இதுக்கு வீடு கொடுக்கவில்லை, ஓய்வில்லாத பிள்ளைப்பேறு கொடுத்திருக்கிறீர்கள், அடுத்த முட்டையோடு இது செத்துப்போகும் என்று கத்தினேன். என் தாயின் வயதுள்ள மனுசியை, நாலு பேர் பார்க்க. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ரீச்சர் குருவியைத் துவாயால் மூடினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு தட்டில் கிடந்த கணவாய் ஓட்டைக் காட்டினார்.

“அந்த ஓட்டைத் தாரும். முட்டியளை நீரே வந்து கழட்டிக்கொண்டு போம். ஆனால் நான் கோயிலுக்குப் போயிருக்கேக்க வாரும்.”

இருபத்து மூன்று பேர்

பழைய சோடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இருபத்து மூன்றையும் ஓட்டை போட்ட இரண்டு மட்டைப்பெட்டிகளில் அடைத்து, கழற்றின முட்டிகளையும் எடுத்துக்கொண்டு திரீவீலரில் வந்தேன். அடுத்த ஒழுங்கைதான், ஆனால் நடுவில் சோதனைச் சாவடி. பெட்டிக்குள் சரசரப்பு. கான்ஸ்டபிள் ஒருவர் துவக்கை என் பக்கம் திருப்பிக்கொண்டு இறங்கு என்றார். சட்டைப்பையில் இருந்த பதிவுத்துண்டை முதலே எடுத்து நீட்டினேன். முந்தின கிழமைதான் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியனை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், குருல்லோ, குருல்லோ மாத்தயா, குருவிகள் ஐயா, என்று சொன்னேன். அவர் நம்பாமல் மூடியைத் தூக்கினார். இரண்டு குருவிகள் காலி வீதிக்கு மேலே பறந்துபோயின.

மூடியை அமத்திப் பிடித்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு முட்டிகளைப் பார்த்தார். இவை எதற்கு என்றார். சொன்னேன். அவர் குரல் இறங்கியது. சிங்களத்தில் அவர் கேட்டதை அப்படியே தமிழில் தருகிறேன்:

“தம்பி, இரத்மலானையில எங்கட வீட்டிலயும் ஒரு சோடி இருக்கு. ரெண்டு வருஷமா ஒரு முட்டை இல்ல. அந்த முட்டியில ஒண்ட எனக்குத் தாறியா?”

மேல்மாடி

மாத முடிவு வந்து போனது. ரீச்சர் அதே அறையில் இருந்தார், விலாசம் அதே விலாசம், கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை. பெட்டை தேறி, கணவாய் ஓட்டைக் கொறிக்கத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். வருகிற போகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ரீச்சரை உதாரணம் காட்டினேன். என் பேச்சைக் கேட்டு முட்டியைக் கழற்றின ஒரே ஆள் அவர்தானே.

அப்படிப் பெருமையடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில் வீட்டுக்கார அம்மா வந்தார். தெரிந்தவர்கள் யாரும் நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் படி ஏறினார். இன்னும் சத்தமா அம்மா என்று கேட்டேன். சத்தம் இல்லையாம். பெட்டை கூட்டின் தகரத்தட்டில், ஒரு மூலையில் இரண்டு முட்டை போட்டு, அதன் மேல் குந்திக்கொண்டிருக்கிறதாம். முட்டை உருளுகிறதாம், அது திரும்பத் திரும்பச் சொண்டால் இழுத்து வைக்கிறதாம். பின்னேரங்களில் ரீச்சரோடு போய் இருந்து இவவும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா. நான் பொறுமையாக விளக்கினேன். விடுங்கோ, கொஞ்ச நாளில் அலுத்து எழும்பிவிடும், அது பழக்கம் மறக்கிற காலம், இப்போது இரங்கினால் பழையபடி இருபத்தைந்துதான். மாதத் தவணை வைத்ததே நீங்கள்தானே என்றும் சொன்னேன். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். ஆனால் கண் மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருந்த முட்டிகளில் இருந்தது.

“எனக்கு எல்லாம் விளங்குது தம்பி. ஆனால் என்ர வீட்டுக்குள்ள ஒரு சீவன் வீடில்லாமல் இருக்கிறதைப் பாத்துக்கொண்டு நான் என்னெண்டு சோறு தின்னுறது? ஒரு முட்டியைத் தாரும், ரீச்சருக்கு நான் வாங்கினதெண்டு சொல்லிப்போடாதேயும்.”

முட்டியைக் கழற்றினால் குருவி பெருகாது என்று எட்டு வருஷம் அந்தக் கடையில் நின்று சொன்னேன், அந்த எட்டு வருஷமும் எங்களிடம் குருவியை விட முட்டிதான் கூட விலைப்பட்டது.