சபைக்கு ஒரு கங்காணி

1. புத்தகம் செய்த கோளாறு

"இந்தப் புக்க நீயே எடுத்துட்டுப் போ தம்பி. இதாலதான் கோயில் சாவி என் கையவிட்டுப் போவப் போவுது."

நான் வேன் கதவைத் திறப்பதற்குள் ஞானம்மா அக்கா இப்படிச் சொன்னார்.

ஈப்போவிலிருந்து கம்போங் ராஜா வழியாக மலையேறி, தேயிலைத் தோட்டங்களில் கிறிஸ்தவப் புத்தகம் விற்பது என் தொழில். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வேத விளக்கம், சபை வரலாறு, விசுவாச வாழ்க்கை, எல்லாம் புதிது புதிதாக வரும். விற்பேன். ஒன்றையும் படித்ததில்லை. விற்பவனுக்கு எதற்குப் படிப்பு என்று திமிர்.

பாஸ்டர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மேலே வருவார். மற்ற ஞாயிறுகளில் தோட்டத்துச் சின்ன ஆலயத்தைத் திறந்து ஜெபம் நடத்துவது ஞானம்மா அக்கா. ஆலையில் தேயிலை சலித்து ஓய்வு பெற்றவர். புருஷன் செத்த பிறகு அவர் பிடித்துக்கொண்டிருந்தது அந்தச் சாவியைத்தான்.

இப்போது அதைக் கேட்பவர் தேவசகாயம். கொழுந்து பறிப்பவர்களை மேய்த்த கங்காணி. ஓய்வு பெற்றும் எல்லோருக்கும் அவர் கங்காணிதான். நான் விற்ற சபை வரலாற்றுப் புத்தகத்தில், ஆதி சபைகளைக் 'கண்காணிகள்' நடத்தினார்கள் என்று இருந்தது. போதாதா? புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அன்று என்னிடமே வந்தார்.

"பாத்தியா? அப்போஸ்தலர் காலத்துலயே கங்காணிதான் சபைய நடத்தியிருக்கான். நான் சொல்லல, புக்கு சொல்லுது லா!"

"அது வேற, இது வேற" என்றேன், ஏதோ தெரிந்தவன் போல.

அவர் போனதும் அக்கா மெதுவாகக் கேட்டார்: "நெசமா வேறதானா? கேட்டுச் சொல்லு தம்பி. பாஸ்டர் வர்ற ஞாயிறு முடிவு பண்ணிருவாரு."

2. ஒரே சொல்

வழியில் திரிங்காப் ஊர் வந்ததும் பதிப்பகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது பிழை திருத்தும் பெண்.

"ரெண்டும் ஒரே சொல்தான் அண்ணே. கண்காணி, பேசிப் பேசி கங்காணி ஆயிருச்சு. புக்குல தப்பு இல்ல."

"நல்லா கெடுத்தீங்க, போங்க!" என்று வைத்துவிட்டேன்.

காய்கறி லாரிகள் நெரித்துக்கொண்டு நின்றன. வேன் நகரவில்லை. கோபத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். கண்காணி வந்த பக்கத்தைப் படித்தேன். அடுத்த பக்கத்தையும் படித்தேன். அப்படியே வண்டியைத் திருப்பினேன்.

"ஒரே சொல்தான்க்கா" என்றதும் அக்கா முகம் வாடிவிட்டது. பிறகு அவரே கேட்டார்:

"கண்ணால காணுறவன்னுதான அர்த்தம்? யாரக் காணணும்னு போட்டிருக்கு?"

அடுத்த பக்கத்தை வாசித்தேன். நோயாளியை, விதவையை, வராமல் போனவரை. கை நீட்டி அடிக்கக்கூடாது என்பதும் அங்கேயே இருந்தது.

"இன்னொரு தரம் வாசி" என்றார்.

3. ஞாயிறு

நானும் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். கங்காணி வெள்ளைச் சட்டையில், புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி வந்தார். ஆராதனை முடிந்து பாஸ்டர் பேச்சை எடுப்பதற்குள் அக்கா சாவியை மேசையில் வைத்தார்.

"கங்காணிய்யா சொல்றது சரிதானாம். ஒரே வார்த்தை. எடுத்துக்குங்க. ஒரு சந்தேகம் மட்டும். மரியதாஸ் பொண்டாட்டி மூணு வாரமா ஏன் வரல?"

"ஊருக்குப் போயிருக்கும்."

"ஆபரேஷன் பண்ணிப் படுத்துக் கெடக்கு. உங்க லைன் வீட்டு வரிசையிலயே, மூணாவது வீடு."

"கங்காணி கொழுந்துக் கூடையத்தான பாப்பாரு, ஆள எப்ப பாத்தாரு!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தோம். நான்தான் பலமாகச் சிரித்தேன்.

கங்காணி சிரிக்கவில்லை. சண்டையும் போடவில்லை. புத்தகத்திலிருந்து விரலை எடுத்தார்.

"இப்பப் போனா முழிச்சிருக்குமா?"

"வாங்க, போலாம்" என்றார் அக்கா.

இரண்டு பேரும் போய்விட்டார்கள். சாவி மேசையிலேயே கிடந்தது. பாஸ்டர் என்னைப் பார்த்தார். அன்று ஆலயத்தைப் பூட்டியது நான்.

சாவி இன்றும் அக்காவிடம்தான். கங்காணி சனிக்கிழமைகளில் லைன் வீடுகளைச் சுற்றி வந்து, யாருக்கு முடியவில்லை என்று அக்காவிடம் சொல்கிறார். குரல் மட்டும் பழைய அதட்டல்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். படிக்காத புத்தகத்தை வேனில் ஏற்றாதீர்கள். வாங்குகிறவன் தனக்குப் பிடித்த பக்கத்தோடு நிறுத்திவிடுவான். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.