கழுவி வைத்த தொட்டிகள்

மரக்காணம் பக்கம் இறால் குட்டையில் வேலை பார்த்தபோது, இறால் எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டது. எங்களுக்கு ரசம் சோறு, அதற்கு மீன்தூள் கலந்த தீவனம். மீன்தூள் விலை ஏற ஏற, குட்டைக்காரர் ஆட்களைக் குறைத்தார். முதலில் குறைந்தது நான்.

அப்புறம் கரும்பு வெட்டினேன், கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கினேன். கடைசியில் வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் மாட்டுக் கொட்டகையில் வந்து நின்றேன். உள்ளே மாடு இல்லை. புழு இருந்தது.

கறுப்பு ஈயின் புழு. மார்க்கெட்டில் அழுகிய காயையும் மாவு எடுத்தபின் மிஞ்சும் மரவள்ளித் திப்பியையும் கொட்டினால் தின்று கொழுக்கும். அதைக் காயவைத்து அரைத்து, மீன்தூளுக்குப் பதிலாக இறால் தீவனத்தில் கலக்கலாம் என்று அந்த விவசாயி, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், எங்கோ கேட்டுவிட்டு வந்து, மாட்டை வேப்ப மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, உள்ளே பிளாஸ்டிக் தொட்டிகளை வைத்திருந்தார். கொட்டகையின் ஒரு மூலை எனக்குப் படுக்கை. நாற்றம் இரண்டு நாளில் பழகிவிட்டது.

அண்ணன் மனைவிக்குப் பழகவில்லை. தீவனக் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறான் என்றதும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு அவன் வாங்கிக்கினு போவலன்னா, நாளைக்கு மாடு உள்ள வந்துடும். சொல்லிட்டேன்."

மாடு உள்ளே வந்தால் நான் வெளியே. வேறு இடம் எனக்கு இல்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனிக்காரரை வண்டியில் கூட்டிவந்தேன். வெள்ளைச் சட்டை, புது ஷூ, நல்ல சென்ட். வாசலில் அக்கா, அதாவது அண்ணன் மனைவி, முந்தானையை இடுப்பில் செருகி நின்றிருந்தார்.

"வாங்க சார். தொட்டியெல்லாம் ஒரே அழுக்கு. நீங்க நம்ம வூட்ட இன்னா நெனப்பீங்க? அதான் தூரத்துல நின்னு ஓஸ் பைப்பு புடிச்சு உள்பக்கமெல்லாம் கழுவி வச்சிருக்கேன்."

அண்ணன் முகம் செத்துவிட்டது. காய்ந்த பிளாஸ்டிக்கில் புழு வழுக்கி விழும். ஈரம் பட்டால் ஒட்டிக்கொண்டு ஏறிவிடும். இது அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். புழுவைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே சண்டை வரும். அதனால் அக்காவிடம் மட்டும் அண்ணன் இதைச் சொல்லியிருக்கவில்லை.

கதவைத் திறந்தேன். தொட்டிகள் பளிச்சென்று இருந்தன. புழு சுவரில் போய்க்கொண்டிருந்தது, தரையில் போய்க்கொண்டிருந்தது, என் பாயில் போய்க்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு புது ஷூவைப் பார்த்து வந்தன. கம்பெனிக்காரர் அங்கே கிடந்த நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"கடிக்குமா?"

"சார், நீங்க தீவனக் கம்பெனிதான?" என்று கேட்டேன்.

"சரக்கு வாங்கற பர்ச்சேஸ் ஆளுங்க. நான் புழுவ பொடியாத்தான் பாத்திருக்கேன்."

"போச்சு" என்று அண்ணன் தலையில் கைவைத்தார்.

"இன்னா போச்சு? வூட்டுக்கு வந்த மனுஷன வெறுங்கையோட அனுப்புவியா? ஒருத்தர் வாசப்படி ஏறி அப்படிப் போயிருக்காங்களா?" என்று அக்கா சீறினார். உள்ளே போய் முறமும் துடைப்பமும் எடுத்து வந்தார். அதுவரை ஒரு புழுவைக்கூடக் கிட்ட வந்து பார்க்காதவர். பெருக்கிக் கூட்டி, முறத்தில் அள்ளி, அரிசியைப் போலப் புடைத்தார். தூசியும் திப்பியும் பறந்தன. புழு நின்றது. வாளியில் கொட்டினார்.

"ஏம்ப்பா, வேடிக்க பாத்துக்கினு நிக்கற? செவுத்துல போறத புடி!"

பிடித்தேன். கம்பெனிக்காரர் நாற்காலிமேல் நின்றபடியே மேஸ்திரி ஆகிவிட்டார்.

"அக்கா, ஜன்னல்ல ஒண்ணு. அண்ணே, உங்க காலருங்க, காலரு!"

வாளி நிறைந்தது. அக்கா மூடியில் துளை போட்டு, துணி கட்டி, கூடவே ஒரு கட்டு முருங்கைக்கீரையும் வைத்துக் கொடுத்தார். இத்தனைக்கும் பிறகு வேண்டாம் என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. வாளியை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் போன் வந்தது. காயவைத்து அரைத்துக் கலந்த தீவனத்தைத் தட்டில் வைத்துக் குட்டையில் இறக்கினார்களாம். தூக்கிப் பார்த்தால் தட்டு காலியாம். மூட்டைக் கணக்கில் கேட்டார்கள். அண்ணன் வாயெல்லாம் பல். அக்கா போனைப் பிடுங்கினார்.

"பொடச்சி அனுப்புனது நான்தான்னு அங்க சொன்னீங்களா சார்?"

அதோடு கொட்டகை அக்கா கைக்குப் போய்விட்டது. இப்போது ஒரு சொட்டு ஈரம் உள்ளே வரக் கூடாது. எனக்குத் தாகம் எடுத்தால் சொம்போடு வெளியே போய்க் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து படுக்க வேண்டும். வேப்ப மரத்தடியில் மாடு என்னைப் பார்க்கும். நான் அதன் பக்கம் திரும்புவதில்லை.